இடிக்காமல் விட்ட வெற்றிலை

அந்த நாற்காலி வேண்டாம் அம்மா, இப்படி வா. அங்கே மின்விசிறிக் காற்று வராது. உள்ளே போனது உன் அப்பாவா? கன்னத்தில் கை வைத்துக்கொண்டு போனாரே, அவர்தானே? பயப்படாதே. முதல் நாள் இங்கே யாரும் எதையும் பிடுங்க மாட்டார்கள். வாயைத் திறக்கச் சொல்வார்கள், விரலை விட்டுப் பார்ப்பார்கள், தலையைச் சுற்றி வருகிற எக்ஸ்ரே ஒன்று எடுப்பார்கள். என்ன போடுவார் அவர்? வெற்றிலையா, பொட்டலப் புகையிலையா? இரண்டுமா. சரி. கேட்டால் உள்ளதைச் சொல்லச் சொல். மறைத்துப் பயனில்லை. பல்லைப் பார்த்தே சொல்லிவிடுவார் அந்த டாக்டர் பெண்.

பெனாசிர் என்று பேர். சின்ன வயசுதான், உன்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். ஆனால் கை பெரிய மனுஷி கை. வாய்க்குள் போனதே தெரியாது.

நான் சௌந்தரம். சோழவந்தான் பக்கம். எங்கள் வீட்டை இன்னும் கொடிக்கால் வீடு என்றுதான் சொல்வார்கள். வெற்றிலைத் தோட்டம்தான் கொடிக்கால். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். மூத்தவர் முதலில் போனார், அப்புறம் என் வீட்டுக்காரர் போனார். இப்போது கொடிக்காலை வேறொருவர் பார்க்கிறார். வெற்றிலை மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் வெற்றிலை போட மாட்டேன் என்றால் யாராவது நம்புவார்களா? போட்டேன். சோறு இல்லாமல் இருந்திருக்கிறேன், வெற்றிலை இல்லாமல் இருந்ததில்லை. புகையிலை கொஞ்சம்தான். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான்.

போன வருஷம் ஆவணியில் இது தொடங்கியது. காதுக்கு முன்னால், இதோ இந்த இடம். கையை வைத்துப் பார், நான் வாயைத் திறக்கிறேன். இப்போது சத்தம் இல்லை. அப்போது வாயைத் திறந்தால் டொக்கென்று கேட்கும். முதலில் எனக்கு மட்டும் கேட்டது. பிறகு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. கொட்டாவி விட்டால் வாய் பாதியில் நின்றுவிடும். கையால் பிடித்து அசைத்துத்தான் மூட வேண்டும். காதுதான் கெட்டுப்போச்சு என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டேன். காது டாக்டரிடம் போனேன். அவர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, காது பச்சைப்பிள்ளை காது மாதிரி இருக்கிறது, பல் டாக்டரிடம் போங்கள் என்றார். எனக்குக் கோபம். பல் வலிக்கவே இல்லையே. வலிப்பதற்கு அங்கே பல் இருந்தால்தானே. இடது பக்கம் கீழே கடைவாய்ப் பற்களில் ஒன்று ஆடி விழுந்தது, ஒன்று சொத்தையாகிப் பிடுங்கியது, இன்னொன்று பாக்குக் கடிக்கும்போது இரண்டாகப் பிளந்தது. அந்தப் பக்கம் வெறும் ஈறுதான்.

அதுதான் காரணம் என்றார் பெனாசிர். இரண்டு மாட்டு வண்டியை ஒற்றை மாடு இழுத்திருக்கிறது என்றார். இடது பக்கம் பல் இல்லாததால் இத்தனை வருஷம் வலது பக்கமே மென்றிருக்கிறேன். அதுவும் சோறு என்றால் மூன்று வேளை. வெற்றிலை என்றால் நாள் முழுக்க. தாடைக்குக் கீல் இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் சமமாக உழைக்க வேண்டும். ஒன்று தேய்ந்து இன்னொன்று இழுத்துக்கொண்டு, நடுவில் இருக்கிற மெத்தை மாதிரி ஒன்று நழுவிவிட்டது. என் மூன்று விரலைச் சேர்த்து என் வாயிலேயே வைக்கச் சொன்னார். மூன்று விரல் போனால் அது நல்ல வாய். எனக்கு இரண்டு போவதே பெரும்பாடாக இருந்தது. பாக்குக் கறையில் கன்னத்துத் தோலே இறுகிப்போயிருக்கிறது என்றார். அளவெடுத்துப் பல் வைக்க வேண்டுமென்றால் முதலில் வாய் திறக்க வேண்டும். வாய் திறக்க வேண்டுமென்றால் முதலில் வெற்றிலையை விட வேண்டும்.

"குறைக்கிறது இல்லம்மா, நிறுத்துறது. பெட்டி கண்ணுல படக்கூடாது. கையில பாக்கு வாசம்கூட வரக்கூடாது. வாசம் வந்தா வாய் தானா அசையும்," என்றார்.

நான் சொன்ன சொல் கேட்கிறவள். நிறுத்திவிட்டேன்.

வீட்டில் யார் யார் என்றும் அன்றைக்கே கேட்டார். நானும் என் ஓரகத்தியும் என்றேன். மூத்தவர் பெண்டாட்டி, அங்கம்மாள். என் மகள் ஓசூரில் இருக்கிறாள், அங்கம்மாள் மகன் திருப்பூரில் இருக்கிறான். முற்றத்துக்குக் கிழக்கே அவள், மேற்கே நான். இரண்டு அடுப்பு. பேசிக்கொள்வதில்லை. எட்டு வருஷம் ஆகிறது. சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போட்டால்தான் பேச வேண்டி வருமே.

என்ன காரணம் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். பேச்சு வராது. நான் சத்துணவுக் கூடத்துச் சமையலுக்குப் போய்விடுவேன். பகலில் அவர் பக்கத்தில் இருந்தது இவள்தான். துடைத்துவிட்டது, கஞ்சி ஊட்டியது, துணி அலசியது எல்லாம் இவள்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரைக் கிடத்தியிருக்கும்போது, அத்தனை சனத்துக்கு நடுவில், அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "போகட்டும். தப்பிச்சான்," என்றாள். என் காதில் விழுந்தது. தாலி இழந்து ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்திலிருந்து அப்படிச் சொல்லலாமா? யாரிடமிருந்து தப்பித்தார்? என்னிடமிருந்தா? நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அவளும் முதலில் இரண்டு மூன்று தடவை பேசிப் பார்த்தாள். நான் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் அவளும் விட்டுவிட்டாள்.

ஆரம்பத்தில் அது ஒன்றும் சிரமமாக இல்லை. ஆடு ஒன்று இருந்தது, வெள்ளச்சி என்று. அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் ஆட்டிடம் சொல்வேன். "அடியே வெள்ளச்சி, நாளைக்குப் பூரா கரண்டு கிடையாதாம், தண்ணி பிடிச்சு வைக்கணும்." அவள் தன் பக்கத்திலிருந்து, "வெள்ளச்சி, தொட்டி ரொம்பி ஒரு நாழி ஆச்சு, சும்மா கத்தாதே," என்பாள். ஆடு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்க்கும். கேஸ் வந்த கதை, ஊரில் செத்த கதை, பிறந்த கதை எல்லாம் அந்த ஆட்டுக்குத் தெரியும். ஒரு தடவை நான் வைத்த குழம்பு வாசம் அடித்து, "வெள்ளச்சி, இன்னைக்கு யாரோ புளியைக் கொட்டிட்டாக போல," என்றாள். அன்றைக்கு நான் ஆட்டுக்குக் கழுநீர்கூட வைக்கவில்லை. போன ஆடியில் அதற்குக் கழிச்சல் வந்து செத்துப்போச்சு. அதற்கப்புறம் வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது.

ஆனால் வெற்றிலைப் பெட்டி ஒன்றுதான். அதைச் சொன்னால்தான் உனக்கு மற்றது புரியும். மாமியாருடைய பித்தளைப் பெட்டி, முற்றத்துத் தூண் ஓரம் இருக்கும். தனிப்பெட்டி வாங்குகிறவள்தான் வீட்டைப் பிரித்தவள் ஆவாள். அந்தப் பேரை வாங்க அவளும் தயாராக இல்லை, நானும் இல்லை.

காலையில் அவள் வெற்றிலையைத் துடைத்து, காம்பும் நுனியும் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி மடித்து எனக்கென்று பெட்டி மூடியில் வைத்துவிடுவாள். அவளுக்கு ஒரு பல்லும் கிடையாது. மெல்ல முடியாது. அதனால் நான் அவளுக்கு இடித்து வைப்பேன். சின்ன இரும்பு உரல், கையடக்கமாக இருக்கும். பாக்கு மாவாக வேண்டும். சின்ன நறுக்கு ஒன்று தங்கினாலும் ஈறில் குத்தும். சுண்ணாம்பு குறைவாக வைக்க வேண்டும், ஒரு கிராம்பு வேண்டும். இடித்து முடித்ததும் உரல் விளிம்பில் தட்டுவேன், வந்து எடுத்துக்கொள்வாள். பிரியத்தில் செய்ததாக நினைக்காதே. அவள் கை நடுங்கும். கொட்டைப் பாக்கு தொண்டையில் சிக்கி அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் பழி யார் மேல் வரும்? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சுண்ணாம்பு தடவி மடித்துக் கொடுத்த வெற்றிலையை எடுக்காமல் விடக் கூடாது. பகையாளி கொடுத்தாலும் வாங்கி மடியிலாவது செருகிக்கொள்ள வேண்டும். எடுக்காமல் விட்டால், உனக்கும் எனக்கும் இனிமேல் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பங்காளிகள் அப்படித்தான் அறுத்துக்கொள்வார்கள். அதற்குப் பஞ்சாயத்தும் கிடையாது, பத்திரமும் கிடையாது.

இங்கே பெனாசிர் சொல்லி அனுப்பிய மறுநாள் காலை பெட்டி மூடியில் வெற்றிலை இருந்தது. நான் எடுக்கவில்லை. பெட்டி கண்ணில் படக் கூடாது என்று சொல்லியிருந்தாரே, அந்தப் பக்கமே போகவில்லை. உரலையும் தொடவில்லை, கையில் பாக்கு வாசம் வருமே. சாயங்காலம் பார்த்தேன், வெற்றிலை சுருண்டு கிடந்தது. அடுத்த நாள் புதிதாக ஒன்று இருந்தது. அதுவும் சுருண்டது.

ஏன் சொல்லவில்லை என்றுதானே பார்க்கிறாய்? யாரிடம் சொல்வது? ஆடும் இல்லை.

நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். வெந்நீரில் நனைத்த துணியைத் தாடைக்குக் கொடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். திருவிழா வேஷம் மாதிரி இருக்கும், யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். கஞ்சிதான் சாப்பாடு. நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக வாயைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். அப்புறம் ஐஸ் குச்சி. குச்சியைக் கட்டாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பழகப் பழக இன்னொரு குச்சி சேர்க்க வேண்டும். உன் அப்பாவுக்கும் கொடுப்பார்கள், சிரித்துவிடாதே, அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் உரல் சத்தம் கேட்டது. அவளே இடிக்கிறாள். தாளம் தப்பித் தப்பி விழுகிறது. பாதியில் நின்றது. அப்புறம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். சாயங்காலம் பார்த்தேன், இடது கை விரலில் துணி சுற்றியிருந்தாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கேட்கட்டும் என்று நினைத்தேன். ஏன் இடிக்கவில்லை என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், எக்ஸ்ரே படத்தைக்கூட எடுத்துக் காட்டியிருப்பேன். அவள் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் பெட்டி மூடியில் வெற்றிலை இல்லை.

அந்த வாரமே மலைச்சாமி வந்தான். அவள் மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல், கம்பெனியை ஒட்டியே குடியிருப்பு. நல்ல பையன். அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பல வருஷமாகக் கூப்பிடுகிறான், அவள்தான் போனதில்லை. இந்தத் தடவை அவளே போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை, அவ்வளவுதான். என்னிடம் வந்து நின்றான்.

"சித்தி, அம்மா சொல்லுது, இனிமே இங்க நமக்கு வெத்தலை இல்லைன்னு."

நான் அப்படிச் சொன்னேனா? நீயே சொல். நான் என்ன சொன்னேன்? ஒன்றுமே சொல்லவில்லையே. டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்லியிருக்கலாம்தான், சீட்டுகூடக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அவன் கேட்கவில்லை அம்மா. அம்மா சொல்லுது என்று சொன்னான். அதற்கு என்ன பதில்? "பஸ்ஸுல சன்னலோரமா உக்கார வை. திண்டுக்கல் தாண்டுனா அவளுக்கு வாந்தி வரும்," என்றேன். அவள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். புறப்படுகிறவள் நிற்க வேண்டியதற்கு மேல் நின்றாள். வீட்டிலிருந்து போகிறவருக்கு ஒரு வெற்றிலை கொடுத்து அனுப்புவார்கள், அதற்கு நின்றாளோ என்னவோ. எனக்குத்தான் தொடக் கூடாதே.

போனாள். எனக்கு அழுகையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. தாடைக்கு ஊசி போட்டால் கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. முற்றத்தைக் கூட்டினேன். இனிமேல் ஒரு பக்கம் மட்டும் கூட்டினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு பக்கமும்தான் கூட்டினேன், குப்பை வந்துவிடும் இல்லையா.

வைத்தியம் நல்லபடியாகத்தான் நடந்தது. குச்சிகள் கூடின. டொக் சத்தம் குறைந்தது. ராத்திரி போட்டுக்கொள்ள ஒரு பிளேட் செய்து கொடுத்தார்கள், கண்ணாடி மாதிரி இருக்கும், பல்லும் பல்லும் உரசாமல் தடுக்கும். தை மாசம் மூன்று விரல் போனது. பெனாசிர் கையைத் தட்டினார், பக்கத்தில் படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். என் வாயை அத்தனை பேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. இனி அளவெடுத்துவிடலாம் என்றார்.

அளவெடுக்கும்போதுதான் அது நடந்தது. அளவெடுக்கிறது என்றால் ஒரு இரும்புக் கரண்டி, லாடம் மாதிரி வளைந்திருக்கும். அதில் மாவு மாதிரி ஒன்றைக் குழைத்து வைத்து, வாய்க்குள் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். கெட்டியாகிறவரை அசையக் கூடாது. அசைந்தால் அளவு தப்பிவிடும், பல் பொருந்தாது. பெனாசிர் இரண்டு விரலால் அமுக்கிக்கொண்டு நிற்கிறார். என் பையில் போன் அடிக்கிறது. நிற்கிறது, மறுபடியும் அடிக்கிறது. நர்ஸ் பெண் எடுத்துப் பார்த்து, மலைச்சாமின்னு வருது பாட்டி, அவசரமோ என்னவோ என்று தானாகவே அமுக்கி என் காதில் வைத்துவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள்.

மலைச்சாமி இல்லை. அவள்.

பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம். அதற்குள்ளிருந்து அவள் குரல். எட்டு வருஷத்துக்கு அப்புறம் என் பேர்.

"சௌந்தரம். நான் வரட்டுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். வாயில் கரண்டி, மாவு, டாக்டர் விரல். தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் வந்தது, அது ஆமாம் மாதிரியும் இருந்திருக்காது, இல்லை மாதிரியும் இருந்திருக்காது. கையை ஆட்டினேன், போனுக்குக் கை தெரியுமா? அசையாதீங்கம்மா, இதோ முடிஞ்சிருச்சு என்றார் பெனாசிர். நான் அசையவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம், "சரி," என்றாள். வைத்துவிட்டாள்.

அளவு நன்றாக வந்தது. ஒரு நூல்கூடத் தப்பவில்லை என்றார்கள்.

கரண்டியை எடுத்ததும் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம்தானே என்கிறாய். வாயெல்லாம் மாவு ஒட்டியிருந்தது, கொப்பளிக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் கூப்பிடலாம் என்று இருந்தேன். வீட்டுக்குப் போனதும், பல் செட் வரட்டும், தெளிவாகப் பேசலாம் என்று இருந்தேன். செட் வந்தது. அப்புறம் யோசித்தேன், கேட்டது அவள், வைத்ததும் அவள். இப்போது நான் கூப்பிட்டால் நான் கேட்ட மாதிரி ஆகிவிடாதா? அவளும் மறுபடி கூப்பிடவில்லை. பங்குனி வந்துவிட்டது.

போன வாரம் மலைச்சாமி பேசினான். அம்மாவுக்கும் ஊருக்கு வருகிற எண்ணம் இல்லை போலிருக்கிறது, வரலாமா என்று கேட்டதற்குச் சித்தி பதில் சொல்லவில்லை என்கிறது, அதனால் எங்கள் பக்கத்தை வாடகைக்கு விட்டுவிடுகிறேன் என்றான். ஒரு குடும்பம் வந்து பார்த்தும் போய்விட்டது. பொங்கல் வைக்க முற்றத்தில் இடம் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைச்சாமி வந்து அட்வான்ஸ் வாங்குகிறான். வாங்கிவிட்டால் அவள் வந்தாலும் எங்கே இருப்பாள்? என் அறையில் கட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

அது போகட்டும். நான் இன்றைக்கு வந்தது அதற்கில்லை. தாடை மறுபடியும் வலிக்கிறது. பல் இருக்கிறது, இரண்டு பக்கமும் மெல்லுகிறேன், வெற்றிலையின் வாசம்கூட இல்லை. ஆனாலும் காலையில் எழுந்தால் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. பெனாசிர் காலையிலேயே பார்த்தார். செட் சரியாக இருக்கிறது, கீல் சரியாக இருக்கிறது. அப்புறம் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நாக்கு ஓரத்தில் பல் தடம் வரிசையாக இருக்கிறதாம். கன்னத்துக்குள்ளும் ஒரு கோடு. பகல் முழுக்கப் பல்லை இறுக்கிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றார். முன்னாலும் இதைச் சொன்னார். அப்போது நான், ஓரகத்தி முற்றத்தில் நடமாடும்போது மட்டும் அப்படி வரும் டாக்டர் என்று சொல்லியிருந்தேன். அதை ஞாபகம் வைத்திருக்கிறார்.

"அவங்கதான் ஊருக்குப் போயிட்டாங்களே. இப்ப வீட்டுல யாரும்மா?"

"யாரும் இல்ல."

"அப்ப குறைஞ்சிருக்கணுமே. கூடியிருக்கு."

நானும் அதைத்தான் நினைக்கிறேன், குறைந்திருக்க வேண்டும். பெரிய டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிவிட்டு வருகிறேன், வெளியே உட்காருங்கள் என்றார். உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் வாய்விட்டுப் பேசுங்கள், பேசும்போது பல்லும் பல்லும் ஒட்டாது, அது ஒரு பயிற்சி என்றும் சொன்னார். அதனால்தான் உன்னிடம் இவ்வளவு பேசுகிறேன். தப்பாக நினைக்காதே.

என்ன? கூப்பிடட்டுமா என்கிறாயா? யாரை?

வேண்டாம். எனக்குப் போன் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி கொண்டுவரவில்லை. மலைச்சாமி என்று இருக்கும். மேலேயே இருக்கும். பகலில் போனை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருவான் என்று சொல்லியிருக்கிறான். கூப்பிட வேண்டாம். சும்மா இருக்கிறதா என்று மட்டும் பார்.

அடிக்கிறதா? எதற்கு அமுக்கினாய்? சரி, சரி. நீயே பேசு. நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். என் பேரைச் சொல்லாதே. ஆஸ்பத்திரி என்றும் சொல்லாதே. சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேள்.

யார் எடுத்தது? அவளா? கேள், கேள்.

என்ன சொன்னாள்? "நான் சாப்பிட்டேன், அவ சாப்பிட்டாளா?" என்றா? அவ என்றா கேட்டாள்? நீ பேரைச் சொன்னாயா? இல்லையே, நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

சாப்பிட்டாச்சு என்று சொல். ரசம் சாதம். இரண்டு பக்கமும் மெல்ல முடிகிறது என்று சொல். வெற்றிலையை டாக்டர்தான் தொடக் கூடாது என்றார், இடிக்கவும் கூடாது என்றார், அதனால்தான் என்று சொல். அன்றைக்குப் போன் வந்தபோது வாயில் மாவு இருந்தது என்று சொல். அளவெடுக்கிற மாவு. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், நிறுத்திச் சொல்.

சொல்லிவிட்டாயா? எல்லாம் சொல்லிவிட்டாயா? என்ன சொல்கிறாள்?

ஒன்றும் சொல்லவில்லையா? வைத்துவிட்டாளா? இல்லையா? மிஷின் சத்தம் கேட்கிறதா? மூச்சு கேட்கிறதா? அப்படியென்றால் இருக்கிறாள்.

அவள் பாயை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் வாங்க வேண்டாம் என்று மலைச்சாமியிடம் அவளையே சொல்லச் சொல். அவ்வளவுதான். வா என்றெல்லாம் சொல்லாதே.

உள்ளேயிருந்து என் பேரைத்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும், இன்னொரு தடவை கூப்பிடுவார்கள். நீ வைத்துவிடாதே அம்மா. அவளும் வைக்கவில்லையே. அப்படியே பிடி.